ஆயில் போன வழி

14-6-1963

கிழக்கு வெளியில் ஆறு ஏக்கர் உழவு முடிந்தது. மண் பொலபொலவென்று விழுந்தது. இன்னும் ஒரு மழை பெய்தால் மல்லாட்டை விதைத்துவிடலாம்.

ஒரே ஒரு குறை. கலப்பையைத் தூக்கி இறக்கும் லிஃப்ட் இன்று இரண்டு முறை பாதியிலேயே நின்றுவிட்டது. லிஃப்டுக்கு என்று தனி ஆயில் டாங்கி இருக்கிறது. அதைத் திறந்து பார்த்தால் இரண்டு விரல்கடை குறைவு. தை மாதம் இந்த டிராக்டரை விழுப்புரத்து மில்காரரிடம் வாங்கும்போது, "ஏழு வருஷம் ஓடின வண்டிதான், ஆனா ஒரு சொட்டு ஒழுகாது" என்று அவர் சொன்னார். பழைய வண்டி வாங்காதீர்கள் என்று தையல்நாயகி அப்போதே சொன்னாள். பெண்டாட்டி சொன்னதைக் கேட்டேன் என்று ஆகிவிடக் கூடாதே என்று வாங்கினேன்.

எஞ்சின் மட்டும் தங்கம். அளவுக் கம்பியை உருவிப் பார்த்தேன், எஞ்சின் ஆயில் மேல் கோட்டிலேயே நிற்கிறது.

17-6-1963

இன்று உழவு இல்லை. ஒழுக்கு தேடும் வேலை. டிரைவர் அமலதாஸ் மண்ணெண்ணெய் விட்டு வண்டி முழுவதையும் கழுவினான். பட்டாளத்தில் லாரி ஓட்டியவன். என்னைவிடப் பத்து வயது மூத்தவன் என்றாலும் வண்டிக்கு அடியில் முதலில் படுப்பது அவன்தான். குழாய் மூட்டுகள், பம்பின் வாய், லிஃப்டின் இடுக்கு எல்லாம் காயவைத்து, சுண்ணாம்புத் தூளைத் தூவினோம். ஆயில் கசிந்தால் அந்த இடத்தில் தூள் ஈரமாகிக் காட்டிக்கொடுக்கும் என்றான். பட்டாளத்து வித்தையாம்.

இரண்டு மணி நேரம் ஓட்டிவிட்டுப் பார்த்தோம். தூள் கோலப்பொடி போல உலர்ந்தே கிடந்தது. டாங்கியில் மட்டும் அரை விரல் குறைந்திருந்தது.

19-6-1963

லிஃப்டுக்கு அரை டின் ஆயில் ஊற்றினோம். எஞ்சின் கம்பி மேல் கோட்டுக்கும் மேலே. நல்ல எஞ்சின் ஆயில் குடிக்காது என்று மில்காரர் சொன்னது இதைத்தான்.

22-6-1963

எஞ்சின் ஆயில் மாற்றும் நாள். பழைய ஆயிலை இறக்கியபோது அமலதாஸ் விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தான். "என்னா மொதலாளி, தண்ணியாட்டம் இருக்குது. அதுவும் நாம ஊத்துனத வுட நெறய வருது."

வெயிலில் இளகியிருக்கும் என்றேன். அவன் தலையை ஆட்டவில்லை. "கம்பியில அவ்ளோ மேல ஏறக்கூடாதுங்க" என்றான். ஏறினால் நல்லதுதானே, இறங்கினால் அல்லவா கவலை என்றேன். அதோடு விட்டுவிட்டான்.

வீட்டுக் கூரைக் கழியில் கரையான், அடிப்பதற்குக் கொஞ்சம் பழைய ஆயில் வேண்டும் என்று கேட்டான். ஒரு டின் எடுத்துக்கொள் என்றேன்.

28-6-1963

பேஜாரு. உழவு நடுவில் லிஃப்ட் தானே இறங்கி, கலப்பை வரப்பைக் கிழித்துவிட்டது. அந்தப் பக்கம் சின்னபொண்ணு நிலம், அவள் வாயில் விழுந்து எழுந்தேன். நேற்றைக்கு வண்டிக்கு அடியில் பழைய செய்தித்தாள்களை விரித்து வைத்தோம். காலையில் ஒன்றில்கூடப் பொட்டு இல்லை. ஆயில் குறைவது மட்டும் நிற்கவில்லை.

பஸ் ஏறி திண்டிவனம் போய் மெக்கானிக் விருத்தாசலத்திடம் சொன்னேன். அவர் வேறு ஒரு வண்டியின் வயிற்றில் கையை விட்டபடியே சொன்னார். "வெளிய ஒழுகலன்னா உள்ள ஒழுகணும். உள்ள ஒழுகலன்னா கையால போவணும். வண்டிய கொண்டாங்க, பாக்கலாம்."

வண்டியைக் கொண்டுபோனால் நான்கு நாள் உழவு போய்விடும். இந்த ஈரத்தை விட்டால் அடுத்தது எப்போதோ. வரும் வழியெல்லாம் ஒரே வார்த்தைதான் காதில் நின்றது. கையால போவணும்.

3-7-1963

பங்காளி துரைக்கண்ணு வந்தான். "அண்ணே, நா சொன்னேன்னு வெளிய சொல்லாத. அமலதாஸ் வூட்டுக் கொட்டாயில ஒரு டின் ஆயிலு நிக்குது. என் கண்ணால பாத்தேன்."

எனக்கு உள்ளங்காலில் இருந்து சூடு ஏறியது. போய்ப் பார்க்கவில்லை. என்ன பார்க்க வேண்டியிருக்கிறது? ஆறு மாதமாகச் சாவியை அவன் கையில் கொடுத்துவிட்டுச் சுண்ணாம்புத் தூள் தூவிக்கொண்டிருந்தேனே — என்னைச் சொல்ல வேண்டும்.

5-7-1963

கேட்டுவிட்டேன். களத்தில், நாலு பேர் எதிரில்.

அவன் முகம் மாறவே இல்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். "நா எடுக்கல" என்றான். வீட்டில் டின் இருக்கிறதா என்றேன். "இருக்குது. நீங்க குடுத்தது" என்றான். நான் எப்போது கொடுத்தேன்? வாய்க்கு வந்ததைச் சொல்கிறான்.

எடுக்கவில்லை என்றால் திருவாமாத்தூர் வட்டப்பாறையில் கை வைத்துச் சத்தியம் செய் என்றேன். எங்கள் பக்கத்தில் எந்த வழக்கும் அங்கே போனால் முடிந்துவிடும். அந்தப் பாறையில் பொய் சொன்னவன் வீடு போய்ச் சேரமாட்டான். அவன் தரையைப் பார்த்தபடி, "வர்றேன்" என்றான்.

12-7-1963, வெள்ளி

விழுப்புரம் வரை பஸ், அங்கிருந்து மாட்டு வண்டி. நான், துரைக்கண்ணு, ஊரில் இரண்டு பெரியவர்கள், அமலதாஸ். அவன் வெள்ளை வேட்டி கட்டி, சட்டைக்குள் மாதா படக் கயிறோடு வந்தான். கோயிலுக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு மரியாதையாகத்தான் நின்றான். ஆனால் கையை வைக்கச் சொன்னதும் பின்னால் நகர்ந்துவிட்டான்.

"மன்னிக்கணும் மொதலாளி. உங்க சாமிய நா கொறவா நெனைக்கல. சத்தியமே பண்ணாதன்னு எங்க வேதத்துல இருக்குது. எங்க கோயில்ல வச்சி கேட்டாலும் பண்ண மாட்டேன். ஆமான்னா ஆமா, இல்லன்னா இல்ல. எடுக்கல. அவ்ளோதான்."

அப்புறம் ஏன் இவ்வளவு தூரம் வந்தாய் என்றேன். "வரலன்னா பயந்துட்டான்னு சொல்லுவீங்களே" என்றான்.

பெரியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். துரைக்கண்ணு என் காதில், "மடியில கனம் இருக்குது, அதான்" என்றான். எனக்கு என்ன வந்ததோ, நானே குனிந்து பாறையில் கை வைத்தேன். என் வண்டியில் ஒழுக்கு இல்லை, ஆயில் போனது இவன் கையால்தான், பொய் என்றால் அம்மன் என்னைக் கேட்கட்டும் என்று சொன்னேன். சத்தமாகவே சொன்னேன்.

அமலதாஸ், "நீங்க அத செஞ்சிருக்க வேணாம்" என்றான். கோபமாகச் சொல்லவில்லை.

15-7-1963

சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். துடைக்கும் துணியைத் துவைத்து மடித்து சீட்டின் மேல் வைத்திருந்தான். இனி நானே ஓட்டுகிறேன். தெரியாத வித்தையா என்ன?

28-7-1963

துரைக்கண்ணு ஒரு சேதி கொண்டுவந்தான். அமலதாஸ் மகள் அமலோற்பவமேரிக்குக் கல்யாணம் நிச்சயமாகி, மாதா கோயிலில் ஓலை வாசித்துக்கொண்டிருந்தார்களாம். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று மூன்று ஞாயிறு பூசையில் அறிவிப்பது அவர்கள் வழக்கம். இரண்டு ஓலை ஆயிற்று. இன்று மூன்றாவது வாசிக்கவில்லை. முண்டியம்பாக்கத்து மாப்பிள்ளை வீட்டார் நிறுத்திவிட்டார்கள். திருட்டுப் பட்டம் வாங்கினவன் வீட்டில் பெண் எடுக்க மாட்டோம் என்று.

நானா நிறுத்தச் சொன்னேன்? ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?

மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை. தையல்நாயகி எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள்.

10-8-1963

லிஃப்ட் ஆயில் மறுபடியும் இரண்டு விரல்கடை குறைந்திருக்கிறது. சாவி என் இடுப்பில்.

11-8-1963

இன்னொரு முறை பார்த்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். குறைந்துதான் இருக்கிறது. கொட்டகைக்குப் பூட்டுப் போட்டேன்.

15-8-1963

பூட்டு பூட்டியபடியே இருக்கிறது. ஆயில் இல்லை.

17-8-1963

வண்டியை திண்டிவனத்துக்கு ஓட்டிக்கொண்டு போனேன். விருத்தாசலம் லிஃப்ட் பக்கமே போகவில்லை. நேராக முன்னால் வந்து எஞ்சின் அளவுக் கம்பியை உருவினார். பார்த்தவர் சிரித்துவிட்டார்.

"இன்னாங்க இது, ஏரி நெறஞ்சி கலங்கல் போறாப்ல இருக்குது. யாரும் பாக்கலியா?"

தினமும் பார்த்தேன், மேல் கோட்டில் இருந்தது, நல்ல எஞ்சின் என்று நினைத்தேன் என்றேன். அவருக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. லிஃப்டுக்கு ஆயில் தள்ளும் பம்பு எஞ்சினோடு ஒட்டியிருக்கிறது. பம்பின் தண்டு எஞ்சினுக்குள் நுழையும் இடத்தில் ஒரு ரப்பர் சீல். அது தேய்ந்தால் லிஃப்ட் ஆயில் வெளியே ஒரு சொட்டு விடாமல் எஞ்சினுக்குள் போய்விடும். லிஃப்டில் குறையும், எஞ்சினில் ஏறும். பம்பைக் கழற்றி சீலை எடுத்து என் கையில் வைத்தார். குழந்தையின் கைக்கு ஆகும் வளையல் அளவு. அதன் உள்விளிம்பு தேய்ந்து வழவழவென்று இருந்தது.

"ரெண்டு மாசம் முன்னாடி கொண்டாந்திருந்தா அர நாள் வேல" என்றார்.

18-8-1963

காலையில் இருந்து இந்த நோட்டையே படித்துக்கொண்டிருக்கிறேன்.

ஜூன் 14: மேல் கோட்டில். ஜூன் 19: மேல் கோட்டுக்கும் மேலே. ஜூன் 22: அமலதாஸ் என்னிடம் வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார் — தண்ணியாட்டம் இருக்குது, ஊத்துனத வுட நெறய வருது, அவ்ளோ மேல ஏறக்கூடாது. அதே நாள், அதற்குக் கீழேயே, கரையானுக்கு ஒரு டின் எடுத்துக்கொள் என்று நான் சொன்னது. எல்லாம் என் கையெழுத்து. வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறேன். அலைந்ததோடு விட்டேனா? ஒரு மனுஷனைத் திருடன் ஆக்கினேன்.

வட்டப்பாறையில் பொய்ச் சத்தியம் செய்தது நான். ஐந்து வாரமாகச் சாப்பிட்டுத் தூங்கி உழுதுகொண்டிருக்கிறேன்.

தையல்நாயகியிடம் சொன்னேன். அவள் பூசை மாடத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, "தெரிஞ்சி சொன்னாதான பொய்யி. தெரியாம சொன்னது பொய்யாவுமா?" என்றாள். எனக்காகச் சொல்கிறாள். தெரிந்துகொள்ள வழி இருந்தும் பார்க்காமல் சொன்னதற்கு என்ன பேர்? கொஞ்சம் கழித்து அவளே, "மொதல்ல அவரு வூட்டுக்குப் போயிட்டு வாங்க. உங்கள வுட பெரியவரு" என்றாள்.

21-8-1963

இன்று போவதாக இருந்தேன். களை எடுக்க ஆள் வந்துவிட்டது. நாளைக்கு.

23-8-1963

போகவில்லை. பல்லி சத்தமிட்டது என்று திரும்பி வந்தேன். பல்லியாம்.

25-8-1963, ஞாயிறு

போனேன். பூசை முடிந்து வந்து, வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தார் அமலதாஸ். மகள் என்னைக் கண்டதும் உள்ளே போய்விட்டாள். அவர் மனைவி சூசை மேரி தண்ணீர் கொடுத்தார்.

அந்த ரப்பர் சீலை என் மடியில் இருந்து எடுத்து அமலதாஸ் கையில் கொடுத்தேன். விஷயத்தைச் சொன்னேன். உட்காரச் சொன்னார், நான் உட்காரவில்லை. அவர் சீலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எஞ்சின்ல ஏறுதேன்னு எனக்கும் உறுத்துச்சி. பம்பு வழியா வரும்னு தோணல. இந்த வண்டி எனக்கும் புதுசு" என்றார். தன் மேலும் ஒரு பிசகு இருப்பது போலச் சொன்னார். அதைக் கேட்டுக்கொண்டு என்னால் நிற்க முடியவில்லை.

அப்புறம் நிமிர்ந்து, "பயந்துகினு வந்தீங்களா, மனசு கேக்காம வந்தீங்களா?" என்று கேட்டார்.

தெரியலைங்க என்றேன். அது உண்மை. நேற்று வரை பாம்பு, இடி, காய்ச்சல் எல்லாம் கனவில் வந்தன. அவர் முகம் ஒரு முறைகூட வரவில்லை.

"இதாவது நெஜமா சொன்னீங்க" என்றார்.

திரும்ப வேலைக்கு வரச் சொன்னேன். தலையாட்டினார், வேண்டாம் என்று. "நாளைக்கி ஒரு ஸ்பானரு காணோம்னா நீங்க என் மூஞ்சியப் பாப்பீங்க. பாக்காம இருக்கணும்னு நெனச்சிகினே பாப்பீங்க. நமக்கு அது வேணாம்."

நான் வேறு என்ன செய்யட்டும் என்றேன். அவர் உள்பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு, "முண்டியம்பாக்கம் போயி, மாப்ள வூட்ல சொல்லுங்க" என்றார்.

27-8-1963

முண்டியம்பாக்கம் போனேன். மாப்பிள்ளையின் அப்பா அமிர்தசாமி நல்ல மனுஷர், காப்பி கொடுத்தார். ரப்பர் சீலைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். நான் கை வைத்துச் சொன்னது பொய் என்றும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"நீங்க வந்து சொன்னது பெரிய மனசுங்க. ஆனா பையனுக்கு வேற எடம் பேசியாச்சி. முந்தாநேத்து ஞாயித்துக்கெழமதான் மொத ஓல வாசிச்சாங்க. இனிமே அந்தப் பொண்ணுக்கு நா என்னா பதில் சொல்றது?"

முந்தாநேற்று. நான் அமலதாஸ் வாசலில் நின்ற அதே காலை. பதினேழாம் தேதியே எனக்குத் தெரியும். எட்டு நாள் இருந்தது. எட்டு நாளும் என்ன செய்தேன்? களை எடுத்தேன். பல்லி சத்தம் கேட்டேன்.

இதை எப்படி அவரிடம் போய்ச் சொல்வேன்.

28-8-1963

சொன்னேன். "செரிங்க" என்றார். கதவு வரை வந்து வழியனுப்பினார்.

13-9-1963, வெள்ளி

திருவாமாத்தூர். அன்றைக்கு வந்த அதே ஆட்களைக் கூட்டிப் போனேன். எண்ணெயில் விளக்கு ஏற்றிக் கும்பிட்டால் போதும், வாய்விட்டுச் சொல்ல வேண்டாம் என்று துரைக்கண்ணு வழியெல்லாம் ஓதிக்கொண்டு வந்தான். "ஊர் சிரிக்கும்ணே" என்றான். சிரிக்கட்டும் என்றேன். பாறையில் கை வைத்து, நான் சொன்னது பொய், அமலதாஸ் எடுக்கவில்லை, ஒழுக்கு என் வண்டியில்தான் என்று சொன்னேன். போன முறை போலவே சத்தமாகச் சொன்னேன்.

வீடு வந்து சேர்ந்தேன். ஒன்றும் ஆகவில்லை. அதில் எனக்குச் சந்தோஷம் இல்லை.

2-2-1964

டீக்கடையில் யாரோ என்னைப் பற்றி, "டிரைவர் கெடைக்காம வண்டி நின்னுச்சி இல்ல, அதான் அவர நல்லவருன்னு சொல்லிகினு திரியறாரு" என்றது காதில் விழுந்தது. திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டேன். திருடன் என்று சொன்னபோது ஒரு நாளில் நம்பினார்கள்.

9-11-1964

வண்டியை விற்றுவிடலாம் என்று தையல்நாயகியிடம் சொன்னேன். சரி என்றாள். ஏன் என்று கேட்கவில்லை.

19-2-1965

மண்டகப்பட்டில் இருந்து பச்சைமுத்து என்பவர் வண்டி பார்க்க வந்தார். டிரைவர் சைக்கிளில் பின்னால் வருகிறார், அவர் பார்த்துச் சொன்னால் முடித்துக்கொள்ளலாம் என்றார். சைக்கிளில் வந்து இறங்கியது அமலதாஸ்.

தலைமுடி நரைத்துவிட்டது. "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டார். நானும் கேட்டேன். அவர் நேராக எஞ்சினிடம் போனார், கம்பியை உருவினார், இடுப்புத் துணியில் துடைத்து மறுபடி விட்டு எடுத்துப் பார்த்தார். லிஃப்ட் டாங்கியைத் திறந்து பார்த்தார். கலப்பையைத் தூக்கி நிறுத்திவிட்டு, ஒரு பீடி குடிக்கும் நேரம் காத்திருந்தார். இறங்கவில்லை.

அந்த நேரத்தில் மகளைப் பற்றிக் கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"இன்னும் ஆவலைங்க. ரெண்டு எடம் வந்துச்சி, போச்சி. திண்டிவனத்துல கன்னியாஸ்திரிங்க மடத்துல தையல் சொல்லிக் குடுக்குது."

அவர் பீடியைக் காலில் தேய்த்து அணைத்துவிட்டு வண்டிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பச்சைமுத்து என்னிடம் வந்தார். "பழைய வண்டிங்க. ஒழுக்கு ஏதாச்சும் இருக்குதுங்களா?"

பம்பில் ஒரு சீல் போயிருந்தது, மாற்றினேன், இப்போது ஒழுக்கு இல்லை என்றேன்.

"சத்தியமா சொல்லுங்க. திருவாமாத்தூரு நமக்குப் பக்கந்தான்" என்றார். அவர் பாதி விளையாட்டாகத்தான் கேட்டார். எந்த வாயால் சத்தியம் செய்வேன்?

டாங்கி மூடியைத் திருகிக்கொண்டிருந்த அமலதாஸ் நிமிராமலே சொன்னார்: "சத்தியம்லாம் எதுக்கு மொதலாளி. அவரு இல்லன்னு சொல்றாரு. அவ்ளோதான்."

பச்சைமுத்து தலையாட்டினார். பேச்சு முடிந்தது. அமலதாஸ் சைக்கிளைத் தூக்கி டிராக்டரின் பின்னால் கட்டினார், கிளப்பினார், வாய்க்கால் பாலத்தில் திரும்பிப் போய்விட்டார்.

கொட்டகைக்குள் வெகுநேரம் நின்றுகொண்டிருந்தேன். அவர் சொன்ன அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல, அன்றைக்கு வட்டப்பாறையில் எனக்கும் வாய் இருந்தது.